பழுதான கணினிப் பாகத்துக்குப் பொறுப்பு யார்? கடைக்காரரிடம் முறையிடும் முறை

திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி டிசைன் போட்டுப் பிழைக்கும் நண்பர் ஒருவருக்காக, கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் மதர்போர்டு வாங்கினேன். பெட்டியைக் கடையில் பிரித்துப் பார்க்கவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்து, பிராசசரைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தபோது, விசிறி சுற்றியதே தவிரத் திரையில் ஒன்றும் வரவில்லை. ராமை மாற்றிப் பார்த்தேன். பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பிராசசரைக் கழற்றிவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டைப் பார்த்தேன். எல்ஜிஏ 1700 வகைச் சாக்கெட்டில் தலைமுடியைப் போல மெல்லிய 1,700 பின்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால், நடவு முடிந்த வயலைப் போல, அவை ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு மூலையில் மட்டும் இரண்டு பின்கள் மடங்கிக் கிடந்ததால், அந்த இடம் சிறு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது.

மறுநாள் கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "பின்னு வளைஞ்சிருக்குதுங்கண்ணா. இது பிசிக்கல் டேமேஜுங்க, கம்பெனிக்காரங்க எடுத்துக்க மாட்டாங்க. பிராசசர் போடும்போது வளைஞ்சிருக்குமுங்க" என்றார். அவர் பேச்சில் மரியாதை சிறிதும் குறையவில்லை. ஆனால் அவர் சொன்னதன் பொருள், பொறுப்பு என்னுடையது என்பதுதான். போர்டு என் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனாலும், வாங்கிய நேரத்தில் அது எந்த நிலையில் இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. நண்பரிடம் அந்தத் தொகையைக் கேட்க மனம் வராமல் நானே ஏற்றுக்கொண்டேன்.

பழுதான பாகத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்கில், பழுது எப்படி வந்தது என்பதை யாரும் கண்ணால் பார்த்திருக்கப் போவதில்லை. தொழிற்சாலையிலிருந்து விநியோகஸ்தர், அவரிடமிருந்து கடை, கடையிலிருந்து நாம், நம்மிடமிருந்து மறுபடி சர்வீஸ் சென்டர் என்று பொருள் கைமாறிக்கொண்டே போகிறது. கைமாறிய ஒவ்வொரு நேரத்திலும் அது எந்த நிலையில் இருந்தது என்பதற்கு யாரிடம் சான்று இருக்கிறதோ, அவர் பேச்சுதான் நிற்கும். கீழே சொல்லப்படும் எல்லாமே அந்தச் சான்றைச் சேர்ப்பதற்கும், அதை உரிய இடத்தில் வைப்பதற்குமான வழிகள்தாம்.

கடையை விட்டு வெளியே வருமுன்

முதலில் பில். "பில்லு வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேனுங்க" என்று கேட்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சமாகிறதே என்று எஸ்டிமேட் சீட்டோடு திரும்புகிறவர், பின்னால் எழக்கூடிய வழக்கில் தன் பக்கத்து ஆதாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், பொருளின் முழு மாடல் பெயர், தேதி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சீரியல் எண் ஆகியவை இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது. தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்று தொடங்கும். சீரியல் எண் எழுதப்படாத பில்லைக் கொண்டுபோனால், "இது எங்க கடைப் பொருள்தானுங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பழைய பாகத்தைக் கொண்டுவந்து புதியது என்று மாற்றிக்கொள்ள முயல்கிறவர்களையும் கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகையால் அந்தச் சந்தேகத்தை நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது. பெட்டியில் உள்ள எண்ணும், பாகத்தின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணும், பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒப்பிட்டுவிடுங்கள். பணத்தை யுபிஐ வழியாகவோ கார்டு வழியாகவோ செலுத்தினால், கொடுத்ததற்குத் தனிச்சான்றும் கிடைக்கும்.

அதன்பின், கல்லாவுக்கு எதிரில் நின்றபடியே, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு, வாரண்டி இந்தியாவுக்கு உரியதா, எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டுக்கென்று அனுப்பப்பட்ட சரக்கு இங்கே விலை குறைவாகக் கிடைப்பதுண்டு; அது பழுதானால் இங்குள்ள சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிடும்.

மதர்போர்டென்றால் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி, சாக்கெட்டின் மேல்மூடியைத் திறந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் டார்ச் அடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்திலாவது சாக்கெட்டும் சீரியல் எண் ஸ்டிக்கரும் சேர்ந்து விழ வேண்டும். இல்லாவிட்டால் அது எந்தப் போர்டின் படம் என்ற கேள்வி வரும். அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். மூடி இல்லாமல் வரும் போர்டை நிறுவனங்கள் திருப்பி அனுப்புவதுண்டு. மூடியில்லாத சாக்கெட் வழியில் சேதப்படுவதும் எளிது. பின்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கும் ஏஎம்4 போன்ற வகையில், இதே கவனம் பிராசசருக்கு வேண்டும். கூரியரில் வரவழைக்கிறீர்கள் என்றால், பார்சல் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டில் தொடங்கி, பாகம் வெளியே வந்து சீரியல் எண் தெரியும்வரை, இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும்.

நான் இப்போது எந்தக் கடையிலும் இதற்குக் கூச்சப்படுவதில்லை. நல்ல கடைக்காரர் இதை ஆட்சேபிப்பதும் இல்லை, ஏனென்றால் அதே படம் அவருக்கும் காப்பு.

பழுதை உறுதிசெய்வது

வாங்கிய பொருளை அலமாரியில் வைத்துவிட்டு மூன்று வாரம் கழித்துப் பொருத்துவது பெரிய தவறு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், பிரிவு 42-இன்படி, வாங்கியவர் நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் பொருளைத் தன்னிடமே வைத்திருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பொருளை வேண்டாமென்று திருப்பித் தரும் உரிமை அதோடு சுருங்கிவிடும். நட்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். ஆகவே வாங்கிய அன்றோ மறுநாளோ பொருத்தி, ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பில்லின் அடியில் மாற்றித்தரும் காலக்கெடு அச்சிட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழுது எந்தப் பாகத்தில் என்று தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது. ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிப்பதுதான் வழி. சந்தேகப்படும் பாகத்தை நன்றாக ஓடும் வேறொரு கணினியில் பொருத்தினால் கோளாறும் கூடவே போகிறதா, அதன் இடத்தில் நல்ல பாகத்தை வைத்தால் கோளாறு நீங்குகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டினால், கடைக்காரர் மறு பக்கத்தைக் கேட்பார்.

ராம் என்றால் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டுங்கள். ஒவ்வொரு ராமையும் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்து ஓட்ட வேண்டும். அதற்கு முன், கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில், ராமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை அணைத்துவிட வேண்டும். அந்த அமைப்பில் டிடிஆர்4 ராம் பெரும்பாலும் வழக்கமான 1.2 வோல்ட்டுக்குப் பதிலாக 1.35 வோல்ட்டில் ஓடுகிறது. "ஓவர்கிளாக் பண்ணிருக்கீங்க" என்று சொல்ல அது இடம் கொடுத்துவிடும். அணைத்த நிலையிலும் பிழை வந்தால், சிவப்பு எழுத்தில் முகவரியோடு தெரியும் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் என்றால் மல்டிமீட்டர் போதும். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யத் தொடங்கியதும் 11 வோல்ட்டுக்குச் சரிவதுண்டு. ஆகையால் சுமையோடும் அளந்து பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உறையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கும். உறையின் மேலுள்ள ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டியும் போய்விடும்.

ஹார்டு டிஸ்க்கிலும் எஸ்எஸ்டியிலும் சான்று உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரலில், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைத் திறந்தால், எத்தனை மணி நேரம் ஓடியது, ஹார்டு டிஸ்க்கில் தகவல் பதியும் செக்டார்கள் எத்தனை கெட்டு மாற்றப்பட்டன என்பதெல்லாம் தெரியும். அவிநாசியில் ஓர் அலுவலகத்துக்காக நான் வாங்கிய ஹார்டு டிஸ்க்கைப் பொருத்திய அரை மணி நேரத்தில் அட்டவணையைப் பார்த்தபோது, ஓடிய நேரம் 9,000 மணிக்கு மேல் என்றிருந்தது. அப்படியானால் புதியது என்று பில் போட்டு விற்ற அந்த டிஸ்க், ஓராண்டுக்கும் மேலாக எங்கோ நிற்காமல் சுற்றியிருக்கிறது. திரையில் தேதியும் நேரமும் சீரியல் எண்ணும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்து, அன்று மாலையே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் வேறு டிஸ்க் கொடுத்தார். ஒரு வார்த்தை வாதம் நடக்கவில்லை. மதர்போர்டில் தோற்றதற்கும் இதில் ஜெயித்ததற்கும் இருந்த வேறுபாடு அந்த ஒரு படம்தான். ஆனால் ஸ்மார்ட் அட்டவணையையும் அழித்து எழுத முடியும் என்பதை நினைவில் வையுங்கள். 2025-இன் தொடக்கத்தில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய டிஸ்க்குகளை அட்டவணையைப் பூஜ்யமாக்கிப் புதியவையாக விற்ற செய்தி ஜெர்மனியில் வெளிவந்தது. சில டிஸ்க்குகளில் தனியே பதிவாகும் இன்னொரு கணக்குதான் அதைக் காட்டிக்கொடுத்தது. ஸ்க்ரூ பதிந்த தடம், இணைப்பு முனையில் உராய்ந்த கோடு ஆகியவற்றைக் கண்ணாலும் பார்த்துவிடுவது நல்லது.

சோதனை எல்லாம் முடிந்தபின், தவறு நம்முடையதுதான் என்று தெரிந்தால், அதை ஏற்றுக்கொண்டு நிறுத்திவிட வேண்டும். பிராசசர் கை நழுவிச் சாக்கெட்டில் விழுந்ததை மறைத்துவிட்டு வாரண்டி கேட்பது, அடுத்து உண்மையான பழுதோடு அதே கடைக்கு வருகிறவரின் சொல்லையும் சேர்த்துக் கெடுக்கிறது.

கடைக்காரர் சொல்லும் பதில்களும் மறுமொழியும்

"கம்பெனி வாரண்டிங்க, நீங்க நேரா சர்வீஸ் சென்டருக்குப் போயிருங்க." இது பாதி சரி. உற்பத்தியாளர் தரும் வாரண்டி தனி, விற்றவரின் பொறுப்பு தனி. பணம் வாங்கியவர் கடைக்காரர். விற்பனை ஒப்பந்தம் அவரோடுதான். சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16-இன்படி, அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்கிறவர், பெயர் சொல்லி விற்ற பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற பொறுப்பையும் வெளிப்படையாகச் சொல்லாமலே ஏற்கிறார். அதே பிரிவில் வாங்குகிறவருக்கும் ஒரு கட்டு இருக்கிறது: பொருளைப் பரிசோதித்து வாங்கியிருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. கடையிலேயே சாக்கெட்டைத் திறந்து பார்த்தவர், வளைந்த பின்னை அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டுப் பின்னர் நின்ற பாகத்துக்கு, சர்வீஸ் சென்டர் வழிதான் விரைவானது. முதல் நாளே ஓடாத பாகத்தைக் கடைக்காரரிடமே கேளுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுவார்கள். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பித் தருகிறவரிடம் அதைச் சொல்லலாம். பழுதான பொருளுக்கு அது செல்லாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தன் பிரிவு 2(47)-இல் நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. பில் கொடுக்காமல் இருப்பது அதில் ஒன்று. பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது மற்றொன்று. இந்த ஒரு பிரிவை அமைதியாகச் சொல்லத் தெரிந்தாலே பேச்சின் போக்கு மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நம் பகுதிக்கே உரிய பதில்: "உங்க ஊரு கரண்டு அப்படிங்க, தறி ஓடற ஊருல போர்டு தாங்காதுங்க." சோமனூர், பல்லடம் பக்கத்தில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. விசைத்தறி மோட்டார்களும் போர்வெல் மோட்டார்களும் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்குவது உண்மைதான். ஆனால் அப்படி இறங்கினால் கணினி அணைந்து மறுபடி கிளம்பும். பாகத்தை எரிப்பது பெரும்பாலும் வோல்டேஜ் ஏறுவதுதான். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட ஏறலாம். அப்படி ஏறியிருந்தால் வீட்டில் டியூப்லைட், டிவி, பிரிட்ஜ் என்று பலவும் ஒரே நேரத்தில் போயிருக்கும். அவையெல்லாம் நன்றாக இருக்க, அதே எஸ்எம்பிஎஸ் மற்றொரு போர்டை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்க, ஒரு ராம் மட்டும் கரண்டினால் போனது என்பது நிற்காத வாதம். பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்றோ, 200 முதல் 240 வரை என்றோ அச்சிட்டிருக்கும். அதையும் படம் எடுத்துச் சேருங்கள். யுபிஎஸ் பில் இருந்தால் வையுங்கள். எர்த் சரியாக இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் அளந்து எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுக்கும் மதிப்பு உண்டு. இதற்கு மாறாக, இடி இறங்கிய மறுநாள் போர்டு கருகியிருந்தால், கடைக்காரர் சொல்வதைத்தான் நான் ஏற்பேன்.

"நீங்களே பொருத்தினீங்க, அதனால வாரண்டி போச்சுங்க" என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தனித்தனியாக விற்கப்படும் பாகம் பொருத்துவதற்காகவே விற்கப்படுகிறது. பெட்டிக்குள்ளேயே பொருத்தும் முறை அச்சிட்ட தாளும் இருக்கிறது. அந்த முறையை மீறியதாக அவர் காட்டினால் ஒழிய, பொருத்தியது தவறாகாது.

எழுத்தில் கேட்பது

இரண்டு முறை நேரில் பேசியும் வழி பிறக்கவில்லையென்றால், மூன்றாவது முறை பேசாமல் எழுத வேண்டும். கோபம் கடிதத்தில் தெரியக் கூடாது. தேதி, எண், நடந்தது, கேட்பது ஆகிய நான்கும் போதும். நான் எழுதிக்கொடுக்கும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா, தங்கள் கடையில் (தேதி) அன்று, (எண்) பில்லின்படி, (மாடல்) மதர்போர்டை, சீரியல் எண் (எண்), ரூபாய் (தொகை) செலுத்தி வாங்கினேன். (தேதி) மாலை (மணி) அளவில் முதல் முறையாகப் பொருத்தியபோதே திரை வரவில்லை. இதே பிராசசரும் ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் வேறொரு போர்டில் சரியாக இயங்குகின்றன. இந்தப் போர்டில் வேறு நல்ல ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்துப் பார்த்தபோதும் இயங்கவில்லை. வாங்கிய நேரத்தில் தங்கள் கடையில் எடுத்த சாக்கெட்டின் படமும், சோதனைப் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. (தேதி) அன்று நேரில் தெரிவித்தபோது, தாங்கள் பொறுப்பேற்க இயலாது என்று கூறினீர்கள். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் வேறு போர்டு தரவோ, தொகையைத் திருப்பித் தரவோ வேண்டுகிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக நேரிடும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆனதற்கான பதிவையும் எடுத்து வையுங்கள். தயாரிப்பு நிறுவனத்துக்கும், பெட்டியில் பெயர் அச்சிட்டிருக்கும் இறக்குமதியாளருக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

கடைக்காரரின் நிலையையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பாகங்களில் அவருக்கு நிற்கும் லாபம் குறைவு. நமக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு விநியோகஸ்தரிடம் அவர் போனால், அங்கேயும் இதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். நம் கடிதமும் படங்களும் அவர் அப்படியே மேலே அனுப்பக்கூடிய நிலையில் இருந்தால், அவருடைய வழக்கையும் நாமே எழுதிக் கொடுத்ததாகிறது. மிரட்டலைவிட இந்த உதவிதான் அவரை நம் பக்கம் திருப்புகிறது.

சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்கும்போது

பொருள் மறுபடி கைமாறும் நேரம் இது. பலரும் அசட்டையாக இருந்துவிடுவதும் இங்கேதான். பொருளைப் பெற்றுக்கொண்டு அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் சீரியல் எண்ணும் பழுதும் மட்டும் எழுதினால் போதாது. "வெளிப்புறச் சேதம் இல்லை, எரிந்த தடம் இல்லை, பின்கள் நேராக உள்ளன" என்று எழுதச் சொல்லி, ஊழியர் முன்னிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால், நீங்களே அந்த வரியை எழுதிக் கையெழுத்திட்டு, அங்கிருந்தபடியே அவர்களின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பத்து நாள் கழித்து "பின் வளைந்துள்ளதால் வாரண்டி மறுக்கப்படுகிறது" என்று பதில் வந்தால், ஒப்படைத்த நேரத்துப் படம்தான் பேசும். மறுப்பை வாய்மொழியாக ஏற்காமல், காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹார்டு டிஸ்க்கையும் எஸ்எஸ்டியையும் கொடுக்குமுன் உள்ளிருப்பதை நகலெடுத்துவிட வேண்டும். வாரண்டியில் டிஸ்க்தான் திரும்ப வரும், அதிலிருந்த கணக்குகளும் குடும்பப் படங்களும் வரா.

1915-உம் ஆணையமும்

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துத் தமிழிலேயே புகார் பதியலாம். அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் இதற்குப் பெரும்பாலும் செவிசாய்க்கின்றன. இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. என் எண்ணத்தில், 1,500 ரூபாய் ராமுக்கு இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். 30,000 ரூபாய் கிராபிக்ஸ் கார்டு என்றால் ஆணையத்துக்குப் போவது தகும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று எந்த மாவட்டமானாலும், வாங்கிய இடத்துக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இல்லாத இந்த வசதியை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 34 தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையென்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தின் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

யாரெல்லாம் நுகர்வோர் என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் பலர் தடுமாறுகிறார்கள். மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. தானே உட்கார்ந்து டிசைன் போடும் என் நண்பர் நுகர்வோர்தான். இருபது கணினி வாங்கும் பனியன் கம்பெனி அப்படியல்ல, அது சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் பில்லை யார் பெயரில் போடுகிறோம் என்பதை வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும். பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் என்பதைப் புகார் மனுவிலேயே தெளிவாக எழுதிவிடவும் வேண்டும்.

மனுவில் கடைக்காரரை முதல் எதிர்தரப்பினராகவும், தயாரிப்பு நிறுவனத்தை இரண்டாவது எதிர்தரப்பினராகவும் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால், இல்லாதவர்மேல் பழியைப் போட்டுவிடுவது எளிதாகிவிடும். வாட்ஸ்அப் செய்திகளையும் படங்களையும் அச்செடுத்து வைக்கும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிட்டால் ஆட்சேபம் எழாது. எதிர்தரப்பினர் பதில் தர 30 நாளும், கேட்டால் மேலும் 15 நாளும் கிடைக்கும்; அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்தது. பழுது எதனால் என்பதைச் சோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாதபோது, ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எனவே பாகத்தைத் தெருமுனைக் கடையில் கொடுத்துச் சரிசெய்து பார்க்காமல், அப்படியே பாதுகாத்து வையுங்கள். பொருளை மாற்றித் தரவும், விலையை வட்டியோடு திருப்பித் தரவும், நட்டஈடும் செலவும் தரவும் ஆணையம் உத்தரவிட முடியும். ஆய்வு தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதைவிடக் கூடுதல் காலத்துக்கு மனத்தைத் தயார்செய்துகொள்வது நல்லது. நடுவில் சமரசத்துக்கு அழைத்தால் போய்வாருங்கள். கடைக்காரர்கள் பலர் முதல் நோட்டீஸ் வந்ததுமே பொருளை மாற்றித் தர முன்வருகிறார்கள்.

மாற்றுப் பாகம் கைக்கு வரும் நாளில், புதியதா, சர்வீஸ் செய்து திருத்தியதா என்று கேட்டு, எதுவோ அதை எழுதி வாங்குங்கள். பழைய பில்லின் மேலேயே புதிய சீரியல் எண்ணை எழுதச் செய்து, கடை முத்திரையோடு கையெழுத்து வாங்க வேண்டும். வாரண்டி எந்தத் தேதி வரை என்பதும் அதில் இருக்க வேண்டும். அதன்பின், கையெழுத்திடுமுன், மூடியைத் திறந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, 1,700 பின்களும் ஒரே சீராக மின்னுகின்றனவா என்று பார்த்து, சீரியல் எண்ணும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.